நக்கவாரத்துக்குப் படைத்தலைவன் தேடுவோர்

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டபோது, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கின என்ற கூற்றும் அறிவிப்போடு சேர்ந்து வந்தது. 1025இல் இராசேந்திர சோழனின் படை தாக்கிய அரசின் பெயரே ஸ்ரீவிஜயம் என்பது அப்போது பலருக்கும் உறைக்கவில்லை, அது கிடக்கட்டும். அன்று முதல் அந்தத் தளத்துக்கு ஒரு தளபதியை நியமிக்கும் வேலை தமிழ்ச் சமூக ஊடகங்களில் மும்முரமாக நடக்கிறது. வந்தியத்தேவன் கலஞ்செலுத்தினான் என்கின்றனர் சிலர். வேறு சிலர் தத்தம் குலத்து முன்னோர் ஒருவரைக் கப்பலேற்றி நக்கவாரத்தில் இறக்கிவிடுகின்றனர். இவையெல்லாம் மெல்ல ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளுக்குள் நுழையத் தொடங்கினால், பின்னர் களைவது எளிதன்று.

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்வது இவ்வளவே: அலைகடல் நடுவே பல கலங்கள் அனுப்பப்பட்டன, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான், ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம் என நீளும் பட்டியலில் கடாரத்துக்குச் சற்று முன்னே மாநக்கவாரம் வருகிறது. தேன் நிறைந்த சோலைகளை உடையது என்ற அடைமொழிக்கு மேல் அந்நிலத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. அங்கே யார் இறங்கினார், எத்தனை நாள் தங்கினார், யாரை நிறுத்திவிட்டுத் திரும்பினார் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. படைத்தலைவன் பெயர் முழுப் பட்டியலிலும் இல்லை. வென்ற நாடுகளைப் புகழ்ச்சியாக அடுக்கும் ஒரு வாசகத்திலிருந்து நிலையான கடற்படைத் தளம் ஒன்றை எழுப்புவது சான்று ஆய்வாகாது.

தமிழர் கடல் கடந்து தங்கிய இடங்கள் எத்தகைய தடயத்தை விட்டுச் செல்லும் என்பது தெரியாத செய்தியன்று. தாய்லாந்தின் தக்குவாபாவில் குளம் ஒன்றையும் அதற்குக் காவலாக மணிக்கிராமத்தாரையும் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நிக்கோபாரில் அத்தகைய தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ அதே நூற்றாண்டில் உலகின் மறுகோடியில் இதே நோய்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் கடல் கடந்து இங்கிலாந்தை வென்றான். ஹேஸ்டிங்ஸ் போரில் அவனோடு நின்றதாகச் சமகாலச் சான்றுகளால் உறுதிப்படுவோர் ஏறத்தாழ இருபதின்மரே. ஆயினும் பிற்காலத்தில் உலவிய பேட்டில் மடப் பட்டியலில் நூற்றுக்கணக்கான குடும்பப் பெயர்கள் ஏறிக்கொண்டன. அந்தப் பட்டியலின் மூலம் இன்று இல்லை. இருக்கும் படிகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. தம் பாட்டனை அந்தப் போர்க்களத்தில் நிறுத்த விரும்பிய கனவான்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது. ஆங்கில வரலாற்றறிஞர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டனர். அதனால் அவர்கள் நாட்டுப் பெருமை ஒன்றும் குன்றிவிடவில்லை.

உறுதிப்பட்ட அந்தச் சிலருள் ஒருவர் வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன். சிறுவனாயிருந்த கோமகனைக் காத்து நின்று கொலையுண்ட ஆஸ்பர்னின் மகன், ஹெர்ஃபோர்டின் பிரபு, 1071இல் ஃபிளாண்டர்சில் போரில் மடிந்தவர். மகன் ரோஜர் 1075இல் கலகம் செய்து நிலமெல்லாம் இழந்து சிறை புகுந்தான். இவ்வளவு விவரம் எப்படிக் கிடைக்கிறது? லீர், கோர்மெய் என்னும் இரு மடங்களை ஃபிட்ஸ்ஆஸ்பர்ன் நிறுவினார். மடத்துக்கு அளித்த கொடை ஆவணங்களும் துறவியர் எழுதிவைத்த குறிப்புகளும் அவர் குடும்பத்தின் நினைவைக் காத்தன.

சோழப் படைத்தலைவர்களின் வாழ்வும் இதே வழியில்தான் நமக்குக் கிடைக்கிறது. மடத்தின் இடத்தில் இங்கே கோயில். வெண்ணாட்டுக் கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்தைச் சேர்ந்த சேனாபதி கிருஷ்ணன் இராமனான மும்முடிச் சோழப் பிரமமாராயன், இராசராசனின் ஆணைப்படி தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர். அக்கோயிலுக்கு அர்த்தநாரீசுவரர் திருமேனி ஒன்றையும் அளித்தவர். அவர் மகன் அருண்மொழியும் உத்தமசோழப் பிரமமாராயன் என்ற பட்டத்தோடு சேனாபதியானார். ஊர், பட்டம், மகன், கொடை எல்லாம் கல்லில் உள்ளன. உண்மையான படைத்தலைவர் குடும்பம் ஒன்று கண்முன் கிடக்க, அதை எழுத ஆளில்லை. பிராமணச் சேனாபதிகளின் இரு தலைமுறை எவருடைய குலப்பெருமைக்கும் தோதுப்படாததால் இருக்கலாம். நாவலில் இடம்பெறாததாலும் இருக்கலாம். இவர்களையும் கடாரத்துக்கு அனுப்பிவிட எவருக்காவது ஆசை எழுந்தால், அதற்கும் மெய்க்கீர்த்தியில் இடமில்லை.

வந்தியத்தேவன் நிலை இன்னும் வேறு. தஞ்சைக் கல்வெட்டுகளில் வல்லவரையர் வந்தியத்தேவர் பெயர் குந்தவைப் பிராட்டியாரை அடையாளப்படுத்தும் இடத்தில், கணவர் என்ற முறையில் வருகிறது. தந்தை சுந்தர சோழனுக்கும் தாய்க்கும் திருமேனி எடுத்தவர், பொன்னும் அணிகலனும் அளித்தவர் குந்தவை. வீரனைவிட மனைவியின் வாழ்வே நன்கு பதிவாகியிருக்கிறது. அவர் 985இல் முடிசூடிய இராசராசனின் தமக்கை. அப்படியிருக்க, 1025இல் அவர் கணவரைக் கலத்தின் முகப்பில் வாளுடன் நிறுத்துவோர் முதுமையின் எல்லையில் நிற்கும் ஒருவரையே நிறுத்துகின்றனர். 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் புனைவு தன்னைப் புனைவென்றே சொல்லிக்கொண்டது. அதைச் சான்றாக்கியது பின்வந்தோர் செயல்.

இதில் இழப்பு தமிழாய்வுக்கு மட்டும் உரியதன்று. தளம், தளபதி, வெற்றி என்ற மூன்றும் சேர்ந்ததும் தீவு ஆளில்லா நிலமாகிவிடுகிறது. நிக்கோபாரியர் பேசுவது ஆஸ்திரோ-ஆசிய மொழிகள். 851ஆம் ஆண்டு அளவில் எழுதப்பட்ட அரபுப் பயணக் குறிப்பு, அத்தீவினர் படகுகளில் வந்து அம்பரும் தேங்காயும் கொடுத்து இரும்பு பெற்றுச் சென்றதைக் கூறுகிறது. சோழர் கலங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கடல்வழி வணிகத்தில் தம் சரக்குக்கு மாற்று எதுவென்று தாமே முடிவு செய்தவர்கள் அவர்கள். பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடாத் துறைமுகத் திட்டத்துக்குத் தந்த இசைவை அங்குள்ள பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே நமக்குத் தளம் இருந்தது என்று முழங்குவோர், இவர்களுடைய நிலத்தைப் பற்றிய இன்றைய வழக்கிலும் ஒரு பக்கம் சேர்ந்துதான் நிற்கின்றனர், அறிந்தோ அறியாமலோ.