கிணற்றில் இறங்கியவர் பெயர் என்ன?

வேலையில் இருந்தபோது ஒரு செலவுச் சீட்டு என் மேசைக்கு வந்தது. ‘கிணற்றில் இறங்கி அரிவாள் எடுத்தவருக்குக் கூலி’ என்று எழுதியிருந்தது. பெயருக்கான இடத்தில் ‘உள்ளூர் ஆள்’. கீழே ஒரு கைநாட்டு. நானும் ‘இதரச் செலவு’ என்று குறித்து அனுப்பிவிட்டேன். அவர் மேலே வராமல் போயிருந்தால் எந்தத் தலைப்பில் எழுதியிருப்பேன்?

காவலில் இருப்பவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தமாக அவர் சொன்னது மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பல வழக்குகள் அந்தப் பொருளை நம்பித்தான் நிற்கின்றன. அதை எடுக்க இறங்குபவருக்கு இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான்.

“நல்லா நீச்சல் தெரிஞ்சா போதாதா சார்?” என்பார்கள். போதாது. பாழுங்கிணற்றில் நச்சுக்காற்று தேங்கும். கலங்கிய நீரில் கண் உதவாது. உடைந்த கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே கையால் தடவித்தான் தேட வேண்டும். காற்றுச் சிலிண்டரோடு 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

தடயமும் கெடுகிறது. துப்பாக்கி கிடந்த இடத்தை அளந்து, முடிந்தால் படமெடுத்து, அதே தண்ணீரோடு பெட்டியில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். காற்றுப் பட்டால் துரு விரைந்து ஏறும். நம் ஆள் அதைக் கையில் தூக்கிக் காட்டுகிறார், கரையில் கைதட்டல்!

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 1943-இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய மூச்சுக் கருவியைப் பற்றி வாத்தியார் பெருமையாகச் சொல்வார். அந்த நாட்டில் ழாந்தார்ம் முக்குளிப்போருக்கு அந்தீப் நகரில் தனிப் பயிற்சி மையமே உண்டு. பிரெஞ்சு மோகம் என்று சிரிக்க வேண்டாம். நம் கடற்படைக்கும் கொச்சியில் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை, அக்கறைதான் இல்லை.

மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு வேண்டும். நீருக்குள் ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர், ஆபத்தென்றால் உடனே குதிக்க உடுப்போடு தயாராக ஒருவர். மூவருக்கும் காப்பீடு.

அதுவரைக்குமாவது, சீட்டில் அந்த ஆளின் பெயரை எழுதுங்கள். நான் எழுதவில்லை.