பட்டணத்து நாயும் இறக்கக்கண்டி மணலும்

நாய் வளர்ப்பது பற்றி எழுதுமாறு மாணவ நேயர் சிலர் பன்முறை கேட்டிருந்தனர். எவ்வின நாய் சிறந்தது, அதற்கு எவ்வுணவு ஏற்றது என்பன போன்ற வினாக்களையே அவர்கள் விடுத்திருந்தனர். அவற்றிற்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயின், எவரும் கேளாத ஒரு வினாவிற்கு விடை கூறும் தகுதி கடந்த நான்கு மாதங்களில் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாயை உலாவ அழைத்துச் செல்கையில் அது எங்கே, எப்போது மலசலம் கழிக்கவேண்டும் என்பதே அவ்வினா. ஞாயிற்றுக்கிழமைக் காலையுணவோடு இப்பகுதியை வாசிக்கும் வழக்கமுடையோர், தாளை மடித்து வைத்துவிட்டு உண்டு முடித்து வரலாம், நான் காத்திருப்பேன்.

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டு, உப்புவெளி, நிலாவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் இறக்கக்கண்டி வரும். களப்பின் மேலே 2009ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட நீண்ட பாலம், அப்பால் புல்மோட்டைக்குச் செல்லும் வீதி, கிழக்கே கடல், எங்கு நோக்கினும் மணல். இந்த மணலிலேதான் வள்ளங்கள் ஏற்றி வைக்கப்படுகின்றன, வலைகள் உலர்கின்றன, கருவாடு காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகின்றனர். காலணி அணிந்து நடப்பவனைக் கண்டால் ‘ஆர் இந்த வெளியூரான்’ என்று திரும்பிப் பார்க்கும் இடம்.

இவ்விடத்திற்கு ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தது மணி. என் தமக்கையின் மகன் வெளிநாட்டு உத்தியோகம் கிடைத்துப் புறப்படுகையில், “மாமா, இரண்டு வருடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறி விட்டுச் சென்ற நாய் அது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றில் பிறந்த நாள் முதலாய் வளர்ந்தது. குட்டியாக இருந்தபோது முகப்பில் விரித்த செய்தித்தாளிலும், வளர்ந்த பின்னர் மரைன் டிரைவ் வீதியின் சீமெந்து நடைபாதையிலும் தன் கடன் தீர்த்துப் பழகியது. மண்ணை அது மிதித்ததில்லை. மணலைக் கண்டதுமில்லை.

வந்த அன்று காலை முதல் மறுநாள் விடியும் வரை மணி எதனையும் கழிக்கவில்லை. வளவைச் சுற்றிப் பத்து முறை அழைத்துச் சென்றேன். மணலில் கால் வைத்ததும் அது காலை உதறிக்கொண்டு என்னை நோக்கும். “பாவம், வாயில்லாத சீவன், வயிறு வெடித்துப் போகும்” என்று என் மனைவி இரவு முழுவதும் உறங்கவில்லை. எனக்கும் உறக்கமில்லை, அவர் உறங்கவிடவில்லை.

விடிந்ததும் கடற்கரைக்கு நடத்திச் சென்றேன். அங்கே கரைவலைக்காரரின் வாடிக்கு முன்னால், கருவாடு காயவிடுவதற்கென்று ஒரு படங்கு விரித்துக் கிடந்தது. தட்டையாகவும் அழுத்தமாகவும் செய்தித்தாளைப்போல நாற்கோணமாகவும் இருந்த அதனைக் கண்டதும் மணிக்குத் தன் ஊர் நினைவு வந்துவிட்டது. நான் கயிற்றை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாடியிலிருந்து வெளியே வந்த முதியவர் சினந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. “மாஸ்டர், மீன் காய்கிற இடமும் இதுதான், நாங்கள் சோறு தின்கிற இடமும் இதுதான். வலை இழுக்கேக்க நாங்கள் என்ன செருப்பா போட்டிருக்கிறம்?” என்று மட்டும் கேட்டார். படங்கை நான் கழுவினேன். கழுவிய பின்னும் அன்று அவர் அதில் மீன் பரப்பவில்லை.

அவ்வாரமே அவருடைய பேரனின் பாதத்தைப் பார்க்க நேர்ந்தது. ஏழு வயதுப் பையன். உள்ளங்காலின் ஓரத்திலே சிவந்த கோடொன்று, சிற்றாற்றைப்போல வளைந்து வளைந்து சென்றது. நேற்று இவ்விடத்தில் இருந்த நுனி இன்று அவ்விடத்திற்குப் போய்விட்டது என்று அவன் தாய் காட்டினார். அரிப்பால் பிள்ளை அழுதான். வைத்தியர் மருந்து கொடுத்துச் சில நாளில் குணமாயிற்று. மணி வந்து அப்போது நான்கே நாட்கள் ஆகியிருந்தமையால் அக்குற்றம் மணியுடையதன்று என்பது பின்னர் நான் வாசித்தறிந்தவற்றால் எனக்கு உறுதியாயிற்று. எனினும், அந்தக் கோடு என்னை விட்டு நீங்கவில்லை.

அது நாய், பூனை ஆகியவற்றின் குடலில் வாழும் கொளுக்கிப்புழுவின் வேலை. அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மணலில் அவை ஓரிரு நாளில் பொரிக்கும். பொரித்த குடம்பிகள் உடனே தீங்கு செய்ய வல்லவை அல்ல. ஏறக்குறைய ஐந்து முதல் பத்து நாள் வரை வளர்ந்த பின்னரே தோலைத் துளைக்கும் ஆற்றலைப் பெறுகின்றன. அதன்பின் வாரக் கணக்கில் மணலிலே காத்திருக்கவும் அவற்றால் இயலும். வெறுங்கால் ஒன்று வந்தால் தோலினுள் நுழைந்துவிடும். மனிதன் அவற்றிற்கு உரிய வீடு அல்லன் ஆகையால், பெரும்பாலும் வழி தெரியாது தோலுக்கடியிலேயே அலைகின்றன. அந்த அலைச்சலின் சுவடே சிவந்த கோடு.

புழு தோல் வழியே புகும் என்பதை உலகம் அறிந்ததும் ஒரு விபத்தினாலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரிலே ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், மனிதரைப் பீடிக்கும் கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் கலந்த நீரைச் சிறு பிராணிகளின் வாயில் ஊற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு துளி அவர் கையில் சிந்திற்று. அவ்விடம் சிவந்து அரித்தது. சில காலத்தின் பின் தம் மலத்தைப் பரிசோதித்தபோது புழுவின் முட்டைகள் அதிலே இருக்கக் கண்டார். அதே லூஸ் 1911ஆம் ஆண்டில் மற்றொரு கொளுக்கிப்புழுவை விவரித்து அதற்குப் பெயரிட்டார். இலங்கையிலிருந்து கிடைத்த புனுகுப் பூனையொன்றின் குடலில் காணப்பட்டதனால் அதன் பெயர் ‘அன்கைலொஸ்டோமா சிலானிக்கம்’ என்றாயிற்று. நம் நாட்டின் பெயரைத் தாங்கி உலகெங்கும் வழங்கும் பொருள்களுள் தேயிலையும் கறுவாவும் மட்டுமே உள்ளன என்று எண்ணியிருந்தேன். இப்புழு நாய்களிலும் வாழ்கிறது. தோலோடு நில்லாமல் மனிதக் குடலிலும் முற்றி வளரவல்லது.

மேலே கூறியவற்றுள் மாணவர்கள் மனத்தில் இருத்தவேண்டியது அந்த ஐந்து நாள் கணக்கையே. கழித்த அன்றே அள்ளி அகற்றப்படும் மலம் எவர் காலையும் துளைப்பதில்லை. அலை வந்து கழுவும் ஈரமணலைக் காட்டிலும், அலை எட்டாத மேட்டு மணலிலே, வள்ளத்தின் நிழலிலும் வாடியின் ஓரத்திலும்தான் புழு நன்கு வாழும். பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கி விளையாடுவதும் அங்கேதான்.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்ய வேண்டியிருந்தன. முதலாவது எளிது: மணியைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்று மிருக வைத்தியரிடம் காட்டிப் பூச்சிமருந்து கொடுத்தேன், மூன்று மாதத்திற்கொருமுறை கொடுத்து வருகிறேன். மற்றையதே பாடு.

அயலவர் பலர் பலவாறு உபாயம் கூறினர். நாயின் மூக்கை அதன் அசுத்தத்திலே தேய்த்தால் மறுமுறை செய்யாது என்றார் ஒருவர். இது மிகப் பழைய உபாயம். மிகத் தவறான உபாயமுங்கூட. நாய் அதிலிருந்து, ‘இங்கே கழித்தது பிழை’ என்று கற்பதில்லை. ‘இம்மனிதனுக்கு முன்னால் கழிப்பது ஆபத்து’ என்றே கற்கிறது. அதன்பின் கயிற்றில் கட்டி எத்தனை மைல் நடந்தாலும் அடக்கிக்கொண்டே வந்து, வீட்டினுள் கட்டிலுக்கடியில் மறைந்து காரியத்தை முடிக்கும்.

குட்டிப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு ஒன்பது வாரங்களில், காலுக்கடியில் எத்தகைய தரை இருந்ததோ அத்தரையையே நாய் பின்னரும் பெரும்பாலும் நாடும். மணிக்கு அது செய்தித்தாள். எனவே செய்தித்தாளையே கொண்டுவந்தேன். வளவின் தெற்கு மூலையில், தாழம்புதரின் பக்கத்தில், நான்கு தாள்களை விரித்து நுனிகளில் கல் வைத்தேன். முதல் நாளே மணி அதன்மேல் ஏறி நின்று நன்றியோடு என்னைப் பார்த்தது. விரித்த தாளில் இப்பகுதியும் இருந்தது என்பதைப் பத்திராதிபர் அறியாதிருப்பாராக.

மறுநாள் தாளின்மேல் ஒரு பிடி மணல் தூவினேன். அடுத்த நாள் இரண்டு பிடி. நான்கு தாள் மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, பின்னர் உள்ளங்கையளவு துண்டாகியது. பதினோராம் நாள் துண்டும் இல்லை, மணலே இருந்தது. மணி சற்றே தயங்கிற்று. இரண்டு முறை வட்டமிட்டது. பிறகு அமர்ந்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்த ஆனந்தத்தை நான் பரீட்சையில் தேறிய நாளில்கூட எவர் முகத்திலும் கண்டதில்லை.

நேரம் பற்றியும் சிறிது கூறவேண்டும். இரைப்பை நிறைந்ததும் குடல் அசையத் தொடங்குதல் உயிர்களின் இயல்பு. உணவுண்ட பின் கால் மணி முதல் அரை மணிக்குள்ளும், உறங்கி எழுந்தவுடனும் நாய்க்கு அத்தேவை உண்டாகும். நினைத்தபோதெல்லாம் சோறு போடும் வீட்டில் நாய் நினைத்தபோதெல்லாம் கழிக்கும். மணிக்குக் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உணவு. உண்டதும் கயிற்றைக் கட்டித் தாழம்புதரின் மூலைக்கு நடத்துவேன். அங்கே மரம்போல நிற்பேன். பேசுவதில்லை; உலாவுவதில்லை. காரியம் முடிந்த அக்கணமே, இரண்டு விநாடி தாழ்த்தாமல், ஒரு துண்டு கருவாடும் தலையில் ஒரு தடவலும். அதன் பின்னரே படலையைத் திறந்து கடற்கரைக்கு உலாவப் புறப்பாடு.

இவ்வொழுங்கு முக்கியமானது. நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். நாய் கழிக்கும் வரை நடக்கிறோம். கழித்ததும் வீடு திரும்புகிறோம். நாயோ கூரிய அறிவுடையது. ‘கழித்தால் உலா முடிந்துவிடும்’ என்று கண்டுகொண்டு, நீட்டி நீட்டி ஊரெல்லாம் இழுக்கும்; ஈற்றில் பிறர் படலையிலே இறக்கும். வெள்ளவத்தையில் என் மருமகன் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்ததன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஏவுதற்கு ஒரு சொல்லும் வேண்டும். நாய் அமரும்போதெல்லாம் ஒரே சொல்லை மெல்லக் கூறிவந்தால், சில வாரங்களில் அச்சொல்லைக் கேட்டதும் அது அமரும். நான் முதலில் தெரிந்துகொண்ட சொல் ‘ஆகட்டும்’ என்பது. கேட்பதற்கு மரியாதையான சொல்தான். ஆனால், கோயிற் காரியமாக ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பேசிக்கொண்டிருக்கையில் அவர் கூறியதற்கெல்லாம் நான் “ஆகட்டும், ஆகட்டும்” என்று கூற, முற்றத்தில் நின்ற மணி தன் கடமையைச் செய்தது. அதன்பின் ‘மரைன்’ என்று மாற்றினோம். இறக்கக்கண்டியில் அச்சொல்லை எவரும் தற்செயலாக உச்சரிப்பதில்லை.

அமருமுன் நாய் ஏன் வட்டமிடுகிறது என்று பேத்தி கேட்டாள். ஜெர்மானிய, செக் நாட்டு ஆராய்ச்சியாளர் எழுபது நாய்களை இரண்டாண்டுக் காலம் பின்தொடர்ந்து, மலங்கழித்த 1893 தருணங்களைக் குறித்துவைத்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக உள்ள வேளையில் நாய்கள் வடக்கு தெற்காக உடலை நிறுத்துகின்றன என்று 2013ஆம் ஆண்டில் எழுதினர். மறு ஆண்டு அவர்களுக்கு ‘இக் நோபல்’ என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. பேத்தி திசையறி கருவியோடு ஒரு வாரம் மணியின் பின் நின்றாள். மணி பெரும்பாலும் கருவாடு இருக்கும் திசையையே நோக்கியது.

அள்ளுவதற்கு என்னிடம் இருப்பது இரண்டு சிரட்டை; ஒன்றில் நீண்ட பிடி பொருத்தியுள்ளேன். உலாவின் இடையே எதிர்பாராது நேர்ந்தால் அதற்கென ஒரு பையும் மடியில் உண்டு. மணலால் மூடிவிட்டுப் போகலாமே என்பார் உளர். புழுவிற்கு அதைவிட நல்ல உபகாரம் இல்லை. வளவின் மூலையில், கிணற்றுக்கு எட்டாத் தொலைவிலே குழி வெட்டி அதில் இட்டு மண் மூடுகிறேன். நம் பகுதியில் சிறிது தோண்டினாலே நல்ல நீர் ஊறும் மணல் தரை. ஆதலால் கிணற்றின் அயலில் இத்தகைய குழி வெட்டலாகாது. மரக்கறிப் பாத்திக்கும் இதனை எருவாக இடலாகாது.

“ஊர் நாய்கள் இத்தனை திரிகின்றன, உங்கள் ஒன்றை மட்டும் அள்ளி என்ன பயன்?” என்று இளைஞர் சிலர் சிரித்தனர். கேள்வி நியாயமானதே. ஊர் நாய் பற்றைக்குள் போய்விடும். கயிற்றில் கட்டிய நாய் நாம் நிறுத்தும் இடத்தில்தான் நிற்கும். நியூயோர்க் நகரில், நாயின் சொந்தக்காரரே அள்ளவேண்டும் என்ற சட்டம் 1978ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. இறக்கக்கண்டிக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க எனக்கு முகமில்லை. நாளும் அந்த வாடியைக் கடந்தே நான் நடக்கவேண்டும்.

புரட்டாதியில் ஒருநாள் வலை இழுக்கையில் என்னையும் கயிற்றைப் பிடிக்க அழைத்தார் அந்த முதியவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடித்தேன். மடி கரைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பங்கு சூடை மீன் கிடைத்தது. மணி அடம்பன் கொடியருகே கட்டப்பட்டிருந்தது. பையன் அதனோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

இப்போது மாரி தொடங்கிவிட்டது. மணலுக்குப் பழகிய மணி, மழைக்குப் பழக மறுக்கிறது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, மூலையில் அடுக்கி வைத்துள்ள பழைய தாள்களைப் பார்க்கிறது. பிறகு என்னைப் பார்க்கிறது. நேற்றுக் காலை குடையோடு அரை மணி நேரம் நின்றேன். இதனை எழுதி முடித்ததும் மீண்டும் குடையை எடுக்கவேண்டும்.