மருந்து காத்த உயிரை மார்வலி பறிக்கலாமா?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் தேதி, உலக எய்ட்ஸ் நாள். 1988ஆம் ஆண்டிலிருந்து இந்த நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. தொடக்க ஆண்டுகளில் நாம் கேட்ட செய்தி ஒன்றுதான்: "எச்.ஐ.வி. வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிட்டால் மரணம்தான்." அச்செய்தியின் பிற்பாதி இன்று உண்மையல்ல.

1986ஆம் ஆண்டு சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தனர். அதற்குப் பின் 18 ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரலில், இந்திய அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்று அம்மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் முதுமை வரை வாழ முடிகிறது. இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து அவரது வாழ்க்கைத் துணைக்கு உடலுறவு வழியாக நோய் பரவுவதில்லை என்பதும் உறுதியாகியுள்ளது.

ஆனால் நீண்ட வாழ்வு புதிய கேள்வி ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளாக ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர். கிருமி அடங்கிக் கிடக்கிறது. ஒருநாள் அதிகாலையில் மார்வலி வருகிறது. எச்.ஐ.வி.யை வென்றவரை மாரடைப்பு வீழ்த்திவிடுகிறது. இது வெறும் கற்பனையல்ல. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் இப்படி? மருந்து கிருமியை அடக்குகிறது, முற்றிலும் அழிப்பதில்லை. ஒளிந்திருக்கும் கிருமியை எதிர்த்து உடலின் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் விழித்திருக்கிறது. இதனால் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. கொழுப்பு அங்கே எளிதில் படிகிறது. பழைய கூட்டு மருந்துகள் சில கொழுப்பைக் கூட்டவும் செய்தன. புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் ஆகியவை சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் பெருகுகிறது.

அப்படியானால் மருந்துக்கு அவ்வப்போது ஓய்வு கொடுத்தால் இதயம் தப்புமா? அப்படி எண்ணியவர்கள் உண்டு. 33 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வு, நேர்மாறான விடையைத் தந்தது. மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களுக்கே இதய நோய் அதிகமாக வந்தது. எனவே மருந்தை நிறுத்துவது வழியல்ல.

2023இல் நம்பிக்கையூட்டும் செய்தி ஒன்று வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் பங்குகொண்ட ஆய்வு அது. பங்கேற்றோர் அனைவரும் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவர்கள். இதய ஆபத்து அதிகம் என்று கருதப்படாதவர்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு, கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டேட்டின் என்ற மாத்திரை தினமும் தரப்பட்டது. மறு பாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து பெற்றவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்திருந்தன. எளிதாகச் சொன்னால், ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்கு வந்தது, ஐந்து பேருக்கு என்று குறைந்தது. சிலருக்குத் தசைவலியும் சர்க்கரை நோயும் சற்றுக் கூடுதலாக வந்தன. ஆகவே இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் நாமே வாங்கிச் சாப்பிடும் மாத்திரையல்ல இது.

அன்பர்களே, அறிவியல் தன் பங்கைச் செய்திருக்கிறது. நம் பங்கு என்ன? மார்வலியோடு மருத்துவமனைக்குப் போகும் ஒருவர், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை மறைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணம், "தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள்" என்ற பயம். அவர் எடுக்கும் கூட்டு மருந்தில் ரிட்டோனாவிர் இருக்கலாம். அது தெரியாமல், கொழுப்புக்கான சிம்வாஸ்டேட்டின் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், அம்மருந்தின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறும். தசைகள் சிதையலாம், சிறுநீரகம் பழுதாகலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகளிலும் இதே ஆபத்து உண்டு. அப்போது அவருக்குத் தீங்கு செய்தது மருந்து மட்டுமா? அவரை மறைக்க வைத்த நம் பார்வைக்கும் அதில் பங்கில்லையா?

2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஒருவரது நோய்நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் பயத்தைப் போக்க வேண்டியது, உடன் வாழும் நாம்தாம்.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் மருத்துவ முகாம் நடத்துகிறோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். அங்கு வந்து வரிசையில் நிற்பவர்களில், வெளியே சொல்ல முடியாத நோயோடு வாழ்பவரும் இருக்கக்கூடும். யார் என்று நாம் அறிய வேண்டியதில்லை. அவர் கையையும் பரிவோடு பிடித்து அழுத்தம் பார்த்தால் போதும். புகைப்பதை விட, நாள்தோறும் நடக்க, உப்பைக் குறைக்க எல்லாருக்கும் சொல்லும் அறிவுரை அவருக்கும் பயன்படும். நம் பேச்சில் ஏளனமில்லை என்று கண்டால், தன் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவும் அவருக்கு வரும்.

தொழுநோயாளரை இயேசு தொட்டுக் குணமாக்கினார். எட்ட நின்று சொல்லியிருந்தாலும் அவர் குணமாகியிருப்பார். ஆனாலும் தொட்டார். அந்தத் தொடுதல் இன்று நம் கைகளில் இருக்கிறது.