லடாக்குக்கு ஒரு வீடு, கரிசலுக்கு ஒரு வீடு

லடாக்ல மண்ணுல வீடு கட்டுறான், குளிர்காலத்துல ஹீட்டரே இல்லாம கதகதன்னு இருக்காம்னு யாராவது அனுப்பினா நமக்கெல்லாம் உடனே புல்லரிச்சுப் போயிடும். "என்ன மூளைடா!"ன்னு நாலு பேருக்கு ஃபார்வேர்டும் பண்ணிடுவோம். அனுப்பி முடிச்ச கையோட, நாகலாபுரத்துல நம்ம மனையில சென்னை பிளானை அப்படியே இறக்கி ஒரு காங்கிரீட் பெட்டியைக் கட்டுவோம். மக்களே, இந்த ரெட்டை வேஷத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல லடாக் சங்கதி. லே பக்கத்துல ஃபே கிராமத்துல செக்மோல் வளாகம் இருக்கு. 1988-ல சோனம் வாங்சுக்கும் கூட்டாளிகளும் ஆரம்பிச்ச அமைப்பு. நல்ல உயரமான இடம், குளிர்காலத்துல மைனஸ் 15 எல்லாம் சர்வ சாதாரணம். கட்டடத்தைத் தெற்கு பார்த்துத் திருப்பி வச்சு, அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி. சாய்வா வர்ற குளிர்கால வெயில் நேரா உள்ள விழும். கனத்த மண் சுவர் பகல்ல சூட்டைக் குடிச்சு ராத்திரி திருப்பித் தரும். அவ்வளவுதான், மாயம் ஒண்ணும் இல்ல. நம்ம மண் என்ன, நம்ம வெயில் எங்கேருந்து வருதுன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டுக் கட்டியிருக்காங்க.

இதே ரெண்டு கேள்வியை நம்ம ஊர்ல யார் கேக்குறா?

மொதல்ல மண்ணு. விளாத்திகுளம், நாகலாபுரம், எட்டயபுரம், கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல கரிசலைப் பத்திச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசி மழையில ஊதும், சித்திரையில கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். மண்ணுல இருக்கிற மான்ட்மோரிலோனைட் களிதான் காரணம். தண்ணியைக் குடிச்சு வீங்கும், காஞ்சா சுருங்கும். வருஷா வருஷம் மேலயும் கீழயும் ஆடுற இந்த மண்ணு மேல மூணடி வானம் தோண்டி, கல்லைப் போட்டு, அதுமேல சுவத்தை ஏத்தினா என்ன ஆகும்? ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா விரிசல் ஓடும். கதவு மழைக்காலத்துல ஒரு மாதிரியும் கோடையில ஒரு மாதிரியும் பூட்டும். கேட்டா "கரிசல்ல அப்படித்தான் சார்"னு ஒரு பதில். அப்புறம் எதுக்குய்யா இன்ஜினியர்?

வழி இல்லாம இல்ல. ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்குன்னே 1950-கள்ல ஒரு அடித்தளத்தை உருவாக்குச்சு. குழி போட்டு, அடியில குடம் மாதிரி அகலமாக்கி, கம்பி கட்டிக் காங்கிரீட் ஊத்துற குட அடித் தூண். ஈரம் ஏறி இறங்காத ஆழத்துல அந்தக் குடம் உக்காந்துக்கும். மேல மண்ணு ஆடினாலும் வீடு ஆடாது. அதுக்கு வசதி இல்லாத சின்ன வீட்டுக்கு, கரிசலை முடிஞ்ச ஆழம் தோண்டி எடுத்துட்டுச் சரளையை ரொப்பி இறுக்குறது, பேஸ்மட்டத்துல கம்பி பெல்ட் ஓட்டுறது, மழைத்தண்ணி கடைக்கால்ல இறங்காம சுத்திச் சாய்வா தளம் போடுறது. இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா?

ரெண்டாவது வெயில். லடாக்ல சூட்டை உள்ள கொண்டாரணும், நமக்கு உள்ள விடாம நிறுத்தணும். நாலஞ்சு அங்குல காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிச்சு, ராத்திரி பத்து மணிக்கு நம்ம தலையில கொட்டும். ஃபேனைப் போட்டா அந்தச் சூட்டையே சுத்தி விடும். அதனாலதான் பட்டா போட்ட சொந்த வீடு இருந்தும் எங்க ஊர்ல பெரியவங்க தெருவுல கட்டில் போட்டுப் படுக்காங்க. காத்துக்குப் படுக்காங்கன்னு நாம கவித்துவமா எழுதிக்கிறோம். அது காத்துக்கு இல்லய்யா, வீட்டுக்குப் பயந்து!

இப்ப அரசாங்கத்துக்கு வர்றேன். 2016-ல தொடங்கின பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 1.30 லட்சம்னு நிர்ணயிச்சாங்க. மலையில கட்டுறது கஷ்டம், செலவு கூடன்னு அரசுக்குப் புரிஞ்சிருக்கு. சரியான காரியம். அப்ப கரிசல்ல கடைக்காலுக்கு ஆகுற கூடுதல் செலவு மட்டும் ஏன் புரியல? காகிதத்துல நாங்க "சமவெளி". 2024-ல தமிழ்நாடு கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் கொடுத்துச்சு. நல்ல தொகைதான், மறுக்கல. ஆனா தேரி மணலுக்கும் தஞ்சாவூர் வண்டலுக்கும் கரிசலுக்கும் ஒரே தொகைன்னா, தோண்டுற செலவு யார் தலையில? அரசு பணத்தோட கடனையும் வாங்கிக் கட்டின ஏழை தலையிலதான். விரிசலுக்குப் பூச்சு வேலை பாக்கவே அடுத்த கடன்.

"அப்ப எல்லாரையும் பழைய குடிசைக்கே போகச் சொல்றியா?"ன்னு யாராவது வருவீங்க. கண்டிப்பா இல்ல. பனையோலைக் கூரைக்குள்ள பாம்பும், ஒழுக்கும், தீப்பிடிக்கிற பயமும் என்னன்னு படுத்தவங்களுக்குத்தான் தெரியும். ஏசி ரூம்ல உக்காந்து குடிசை மகிமை பேசுற ஆள் நான் இல்ல. காரை வீடுங்கிறது எங்க சனத்துக்கு மரியாதை. அந்த மரியாதை விரிசல் விடாம, வேகாம கிடைக்கணும்னுதான் கேக்குறேன். மண் வீட்டுப் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை: கரிசலை அப்படியே கல்லா அறுத்துச் சுவர் வைக்க முடியாது, காஞ்சா வெடிக்கும். சுண்ணாம்பு சேத்துப் பக்குவப்படுத்தணும், இல்லன்னா செவல் மண்ணைத் தேடிப் போகணும்.

லாரி பேக்கர் கேரளாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் இமயமலைப் பக்கம் பித்தோராகர்ல இருந்தவர். அந்தக் குளிர் ஊர்ச் சனம் கட்டுற வீட்டைப் பாத்துப் படிச்சாரு. கேரளாவுக்கு வந்தப்ப அந்த மலை வீட்டைத் தூக்கிட்டு வரல, பாக்குற பழக்கத்தை மட்டும் கொண்டு வந்தாரு. அவர் பரப்பின எலிப்பொறிக் கட்டு சுமார் கால்வாசி செங்கல்லை மிச்சம் பிடிக்கும், நடுவுல இருக்கிற காத்து சூட்டைத் தடுக்கும். தளத்துல ஓடு பதிச்சு ஊத்தினா காங்கிரீட்டும் குறையும்.

நாகலாபுரத்துக்கு நான் கேக்குறது இவ்வளவுதான். நீளச் சுவர் வடக்கு தெற்கு பாக்கணும். மேற்குச் சுவத்துல பெரிய ஜன்னல் வேண்டாம், தாழ்வாரம் இறக்குங்க. மொட்டை மாடியில வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிங்க. தெலங்கானா 2023-லயே குளிர்கூரைக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்துடுச்சு. அரசு தர்ற தொகையில "கரிசல் கடைக்கால்"னு தனியா ஒரு வரி சேருங்க.

லடாக்கைப் பாத்துக் கை தட்டுங்க, தப்பில்ல. ஆனா உங்க ஊர் இன்ஜினியர் பிளான் நீட்டும்போது "இது எந்த மண்ணுக்குப் போட்ட பிளான்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வரலேன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

டிஸ்கி: வாஸ்து பாத்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வர்ற அன்பர்களுக்கு, கரிசலுக்கு வாஸ்து தெரியாதுங்கோ :-)