பலாவில் தொழில்: மெஷின் வாங்கும் முன் யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா வரத்து கூடினால் மண்டியில் விலை இறங்குவது உங்களுக்குப் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்ட ஒட்டுக்கன்றுகளும் இப்போது காய்க்கும் வயதுக்கு வந்துவிட்டன. எனவே வரத்து இனி கூடவே செய்யும்.

இந்த நேரத்தில் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது, "மதிப்புக்கூட்ட எந்த மெஷின் வாங்கலாம், மானியம் எவ்வளவு?" என்பதுதான். 2020-ல் வந்த பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மெஷினுக்கு மானியம் கிடைக்கும். சரக்கை வாங்க ஆளை நீங்கள்தான் தேட வேண்டும். விற்காவிட்டாலும் வங்கித் தவணை நிற்காது.

கேரளத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜோசப் மைக்ரோசாப்ட் வேலையை விட்டு, 2013-ல் 'ஜாக்ஃப்ரூட்365' தொடங்கினார். முதலில் விற்றது உலர்த்திய பலா. பெயர் வாங்கித் தந்தது பிறகு வந்த பலாக்காய் மாவு. சர்க்கரை நோயாளிக்கு அரிசியைக் குறைக்க வேண்டும், ஆனால் இட்லி, தோசையை விட முடியாது. அந்தச் சிரமத்துக்கு இது விடை. மாவைக் கரைத்து ஊற்றினால் போதும், சமையல் மாறாது. 40 நோயாளிகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், அரிசி அல்லது கோதுமைக்குப் பதில் தினமும் 30 கிராம் இந்த மாவு சேர்த்தவர்களுக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு குறைந்தது. 2021-ல் அது வெளியானது. (இது பழுக்காத காய்க்கு மட்டும். பழச்சுளை சர்க்கரையைக் கூட்டும். மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.)

நம் ஊரில் யாருக்கு என்ன சிரமம்? டவுனில் இருக்கும் சிறு குடும்பத்துக்கு முழுப் பழம் பெரிது, பால் கையில் ஒட்டும், பாதி வீணாகும். சமையல் கான்ட்ராக்டருக்குக் காய் நறுக்க ஆள் கிடைப்பதில்லை. கத்தியும் தேங்காய் எண்ணெயும் எடுத்து, பத்து கிலோ காயை நறுக்கிக்கொண்டு இருபது பேரைப் பாருங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது பலா வாங்கினார்கள், மீதியை என்ன செய்தார்கள், ஏன் மறுபடி வாங்கவில்லை என்று கேளுங்கள். சும்மா கொடுக்காமல் காசுக்குக் கொடுங்கள். அடுத்த வாரம் தானாகக் கேட்டு வருபவரை மட்டும் கணக்கில் எழுதுங்கள். யாரும் வராவிட்டால் போவது இரண்டு காய்.

வாங்க ஆள் அமைந்தால் எப்எஸ்எஸ்ஏஐ பதிவு, பிறகு கடன். காயாக விற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: பழ வரத்து குவிந்து விலை விழும் முன்பே மரத்தில் பாதியை இறக்கிவிடலாம்.