ஆலயத்துக்குள் உருமி ஒலிக்கட்டும்

சிம்பாங் பூலாயைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் பல இன்று தாமான்களாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்களோடு உருமி மேளமும் வந்தது. திருவிழாவோ கல்யாணமோ, ஈப்போ வட்டாரத்துத் தமிழ் இளைஞர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். நம் தமிழ்த் திருச்சபைகளின் ஞாயிறு ஆராதனையில் மட்டும் அதைக் கேட்பது அரிது. இந்த நிலை மாற வேண்டும்.

வெகுசன இசைக்கே ஆலயத்தில் இடமில்லை என்றால் அதுவாவது ஒரு கொள்கை. நடப்பது அப்படியல்ல. கீபோர்டில் சினிமாத் தாளம் ஓடுகிறது. தந்தை பெர்க்மான்ஸின் மெல்லிசைப் பாடல்களைச் சிறுவர்களும் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரும் இசையை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வந்த இசைக்குத்தான் விசாரணை.

சபைப் பெரியவர்கள் சொல்லும் காரணத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. உருமி அடித்தால் சாமியாடிய நினைவு வரும், அதை விட்டு வந்தவர்கள் தடுமாறுவார்கள் என்கிறார்கள். இந்த அச்சம் உண்மையானது. ஆனாலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) நினைத்துப் பாருங்கள். குறவஞ்சி, கோயில் தெய்வத்தின் மேல் காதல் கொண்ட பெண்ணுக்குக் குறத்தி கை பார்த்துக் குறி சொல்லும் நாடகம். அந்த வடிவத்தையே எடுத்து அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறி சொல்லும் குறத்தியைக் கிறிஸ்துவைப் பாட வைத்த மரபு நம்முடையது. அப்படியிருக்க, ஒரு தோல் வாத்தியத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

தயக்கத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து. தோலைத் தொட்டு அடிக்கும் கை யாருடையது என்ற பழைய சாதிக் கணக்கு கப்பலேறி இங்கேயும் வந்தது. சாஸ்திரியாரே ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்துக்காக மிஷனரிகளோடு வாதாடியவர். கீர்த்தனையின் அழகோடு இந்தக் கறையும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை நேருக்கு நேர் எதிர்த்தவர் தியாபிலஸ் அப்பாவு. மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட ஆசிரியர், 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனையைக் கற்கப் பயிற்சியும் வசதியும் வேண்டும். நாட்டுப்புறப் பாட்டை எவரும் பாடலாம், தம் தேவைக்கேற்ப மாற்றியும் பாடலாம் என்றார். கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பதில் நற்கருணையின் பொருளைக் கண்டார். கூலியும் அரிசியும் பங்கிட்டு வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இந்த இறையியலை யாரும் விளக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கருக்கோ, அந்தந்த மக்களின் சொந்த இசைக்கு வழிபாட்டில் மதிப்புத் தரும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் நம் கோரிக்கை இது. வரும் அறுப்பின் பண்டிகைக்கு உங்கள் சபை வாலிபர்களை உருமியோடும் பறையோடும் வரச் சொல்லுங்கள். பாட்டை அவர்களே கட்டட்டும். வேத வசனத்தை எடுத்துக் கொடுத்துப் பொருளைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. சாமியாட்ட நினைவால் கலங்குகிற மூத்தவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். சிரம்பானிலுள்ள மலேசிய இறையியல் கல்லூரி, தமிழில் பயிலும் மாணவர்களுக்குத் தோட்டப்புறப் பாடல்களையும் ஒரு பாடமாக வைக்கட்டும். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிகள் பேராக்கில் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களைத் தேடிப் போவதற்கு இந்த ஆண்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.