பத்தாயத்தின் கீழ்க்கதவு

திருவையாற்றுக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. அறுவடை முடிந்ததும் நெல்லை மேலிருந்து கொட்டுவார்கள். எடுப்பதோ அடியில் இருக்கும் சிறு கதவின் வழியாக. அதன் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். தை மாதம் நிரம்பியது மறு அறுவடை வரை வர வேண்டும். ஆகவே வாரத்துக்கு இத்தனை மரக்கால் என்பது அவர் வகுத்த விதி. விதைநெல் தனியே இருக்கும். விருந்தே வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்.

சென்னையில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர், ஐம்பது வயதில் வேலையை விட்டு ஊர் திரும்பப் போவதாக அண்மையில் சொன்னபோது இந்தப் பத்தாயம்தான் நினைவுக்கு வந்தது. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. மாதம் 30,000 ரூபாய் செலவென்றால் 90 லட்சம். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் செய்த ஆய்விலிருந்து பிறந்த விதி இது. முதல் ஆண்டில் சேமிப்பில் நான்கு விழுக்காட்டை எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் முதல் முப்பது ஆண்டுகள் தாங்கும் என்பது அதன் சாரம்.

ஆனால் அது அமெரிக்கச் சந்தையையும் அந்நாட்டு விலைவாசியையும் வைத்துப் போட்ட கணக்கு. ஐம்பதில் ஓய்வு பெறுபவர் நாற்பது ஆண்டுகள் வாழக்கூடும். நம் ஊரில் 35 மடங்காவது வேண்டும் என்பது என் கருத்து. அதாவது 1 கோடியே 26 லட்சம். எவ்வளவு கொட்டினோம் என்பதோடு கீழ்க்கதவை எவ்வளவு திறக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் டெல்டா நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. நிலத்தடி நீர் இல்லாதவர்கள் குறுவையை இழந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நிலத்தை விற்றவருக்கு, 2020இல் உரிய நாளில் தண்ணீர் வந்தபோது விதைக்க இடமில்லை. ஓய்வின் தொடக்க ஆண்டுகளில் பங்குச் சந்தை சரிந்தால், அன்றாடச் செலவுக்காக முதலை விற்பவரின் கதியும் இதுதான். ஆகவே மூன்று ஆண்டுச் செலவையாவது வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியே வைத்துக்கொள்ளும்படி நண்பரிடம் சொன்னேன்.

இவ்வளவும் சொன்னபின் மனம் வேறொருவரிடம் போயிற்று. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் எழுபதைக் கடந்தும் இன்று வயலில் நிற்கிறார். அவருக்கு ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று கிடையாது. 2019இல் மத்திய அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு ஓர் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து, சேரும் வயதுக்கு ஏற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அறுபதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். அரசும் சம அளவு செலுத்தும். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று முப்பது வயதில் சேர்பவர் அத்தொகையைப் பெறும்போது, விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால், அதன் மதிப்பு இன்றைய 520 ரூபாய்தான். தவிர, நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் சேர முடியும். குத்தகைக்காரர் சேர வழியே இல்லை.

விலைவாசியோடு உயரும் ஓய்வூதியமும், குத்தகைக்காரருக்கும் அதில் இடமும் வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. நண்பர் ஐம்பதில் ஓய்வு பெறட்டும். ஊர் திரும்பி மகிழ்ச்சியாக இருக்கட்டும். திரும்பிய பின், எங்கள் பத்தாயத்தை அத்தனை ஆண்டுகள் நிரப்பியவர் இன்னும் ஏன் வெயிலில் நிற்கிறார் என்பதையும் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.